பள்ளி அல்லாத ஒரு பள்ளியில் சேர்க்கை

சென்னையிலிருந்து திண்டிவனம் செல்லும் பேருந்துகள் திண்டிவனத்துக்குள் செல்வதில்லை. பயணச்சீட்டு வாங்கும்வரை இதை எவரும் சொல்வதில்லை; வாங்கியபின் நடத்துநரே முன்வந்து சொல்லிவிடுகிறார்.

“ஊருக்குள்ள போவாது சார். பைபாஸ்ல பாலத்தாண்ட எறங்கிக்கோங்க.”

“முகப்புப் பலகையில் திண்டிவனம் என்று எழுதியிருக்கிறதே, ஐயா?”

“போர்டுல ஆயிரம் எழுதியிருக்கும். அதப் படிச்சிக்கினு இருந்தா வண்டி ஓட்ட முடியுமா? ஜல்தி எறங்குங்க சார், பின்னாடிக்காரன் ஆரன் அடிக்கிறான் பாருங்க.”

இவ்வாறு நானும் என் மகள் நிறைமதியும் இரண்டு பெட்டிகளோடும் துணியுறையிட்ட ஒரு நீண்ட பிரம்புக் கோலோடும் உச்சி வெயிலில் ஒரு மேம்பாலத்தின் அடியில் நிறுத்தப்பட்டோம். பேருந்து, தான் நுழையாத ஊரின் பெயரை நெற்றியில் தாங்கியபடி விழுப்புரம் நோக்கி விரைந்தது. மலேசியாவில் ஈப்போ நகரத்தில் நெடுங்காலமாகத் தமிழ் கற்பித்துவரும் நான், எழுத்தை இவ்வளவு எளிதாக உதறும் ஒருவரை அன்றுதான் சந்தித்தேன். அவர் சொன்னதை அப்போதே மனத்தில் வாங்கியிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையே இருந்திராது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நிறைமதி ஈப்போவில் ஒரு கல்லூரியின் இரண்டாம் ஆண்டு மாணவி. சிறு வயது முதல் சிலம்பம் ஆடுகிறவள். சென்ற ஆண்டு எங்கள் ஊரில் நடந்த ஒரு போட்டிக்கு, ஒலக்கூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து அஞ்சலை என்னும் பெண் பயிற்சியாளர் தம் மாணவர்களை அழைத்து வந்திருந்தார். போட்டி முடிந்தபின் விளையாட்டாக இருவரும் கோல் எடுத்தார்கள். மும்முறை என் மகளின் கையிலிருந்து கோல் பறந்தது. மூன்றாம் முறை அது நடுவர்களின் தேநீர்க் குவளைகள்மேல் விழுந்தது. வேறொரு பெண்ணாயிருந்தால் நாணி ஒதுங்கியிருப்பாள். இவளோ, அந்த அம்மையாரிடம் ஓராண்டு முழுமையும் அடி வாங்கியே தீர்வேன் என்று உறுதி பூண்டாள்.

அடி வாங்குவதற்கு இரு நாடுகளின் இசைவு வேண்டும். ஏற்பு பெற்ற ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, முடிவில் சான்றிதழோடு திரும்பினால் ஓராண்டு விடுப்புத் தருவதாக ஈப்போக் கல்லூரி சொன்னது. ஏற்பு பெற்ற நிறுவனத்தின் சேர்க்கைக் கடிதம் இருந்தால், ஊரார் விசா என்றும் நான் நுழைவிசைவு என்றும் வழங்குகின்ற அந்த அனுமதியை மாணவர் என்னும் பெயரில் தருவதாக இந்தியா சொன்னது. இரு தரப்பும் இவ்வளவு அழகாக ஒத்துப்போவது அரிது. குறை ஒன்றே ஒன்று. அஞ்சலையின் நிறுவனம் என்பது மல்லாட்டை காயவைக்கும் ஒரு களம். மல்லாட்டை என்றால் இவ்வூர் வழக்கில் நிலக்கடலை.

தொலைபேசியில் இதை அவரிடம் பலவாறு விளக்கினேன். “அதுக்கு இன்னா சார், லெட்டர்தான? எத்தினி வேணும்?” என்றார். ஆகவே, கல்லூரி விடுமுறையில் சுற்றுலா நுழைவிசைவு பெற்று வந்து, களத்தை ஒரு பள்ளியாக்கி, கடிதத்தோடு திரும்பி, மாணவர் நுழைவிசைவுக்கு விண்ணப்பிப்பது என்று திட்டமிட்டோம்.

வானூர்தியில் பொழுது போகாமல் சுற்றுலா நுழைவிசைவின் விதிகளைப் படித்தேன். சுற்றுலாப் பயணியும் இந்தியாவில் மொழியோ இசையோ கலையோ கற்கலாமாம். ஆனால் அந்தப் பயிற்சி முறைசார்ந்ததாக இருத்தல் கூடாது. ஆறு மாதத்தைத் தாண்டுதல் கூடாது. முடிவில் சான்றிதழ் எதுவும் தருதல் கூடாது. அதாவது, ஒழுங்காகக் கற்பிக்கும் இடத்தில் சேருகிறவர் மாணவர். ஒழுங்கில்லாத இடத்தில் சேருகிறவர் சுற்றுலாப் பயணி. வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் திரைப்படம் பார்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

திண்டிவனத்தில் விடுதி மேலாளர் எங்கள் கடவுச்சீட்டுகளை முன்னும் பின்னும் திருப்பினார்.

“இதெல்லாம் சரி. ஆதார் குடுங்க.”

“நாங்கள் மலேசியர்கள், ஐயா. எங்களுக்கு ஆதார் இல்லை.”

“மூஞ்சியப் பாத்தா செஞ்சிப் பக்கம் மாதிரி இருக்கீங்க. பேசறது நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்குது. ஆதார் இல்லன்றீங்க. இன்னா சார், ஒரே பேஜாரா இருக்குது.”

அயல்நாட்டு விருந்தினரின் விவரத்தை அரசுக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும் என்று நானே அவருக்கு நினைவூட்டினேன். “தெரியும் சார். ஆனா இதுவரிக்கும் யாரும் வந்ததில்ல. ஃபாரினரெல்லாம் பாலத்து மேலயே பாண்டிக்குப் போய்டறாங்க” என்றார், ஒரு பிரிவாற்றாமையோடு. பின்னர் மாலை வரை கணினியோடு மல்லாடி, என்னைப் பெண் என்றும் என் மகளை என் தமையன் என்றும் பதிந்து, மீண்டும் திருத்தி, அரசின் கணக்கில் எங்களை ஒருவாறு மனிதராக்கினார். இரவு பரோட்டா உண்டோம். எங்கள் ஊர் ரொட்டி சானாயின் உடன்பிறப்பேதான். ஆனால் இங்கே கல்லின்மேல் வைத்து இரு கையாலும் அடித்த பிறகே பரிமாறுகிறார்கள். நிறைமதிக்கு அது நற்குறியாகப் பட்டது.

மறுநாள் மாலை, ஊரார் ஷேர் ஆட்டோ என்னும் பங்குத் தானியில் பதினொருவராக மடங்கி அமர்ந்து களத்தை அடைந்தோம். அழிந்துவரும் கலைக்கு இரங்கல் தெரிவிக்கும் மனநிலையோடு போயிருந்தேன், இடம் கிடைக்கவில்லை. அறுபது பிள்ளைகளுக்குக் குறையாமல் கோல் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் இருசக்கர வண்டிகள், வண்டிகளின்மேல் பெற்றோர். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்கும் என்னும் செய்தி இந்த வட்டாரத்தில் எந்தப் பேருந்தையும் விட ஒழுங்காக ஊருக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

எனக்குப் பின்னால் இரு தாய்மார் பேசிக்கொண்டார்கள்.

“உம் பொண்ணுக்கு எத்தினி சர்டிபிகேட் சேந்துச்சி?”

“பதினேழு. அதுல நாலு வேர்ல்டு ரெக்காடு.”

“எம் பையனுக்கு ரெண்டுதான். வர்ற ஞாயித்துக்கெழம பானை மேல நின்னு சுத்தறானாம். நின்னா ஒண்ணு குடுப்பாங்க.”

“வுழுந்தா?”

“வுழுந்தாலும் பங்கேற்புன்னு ஒண்ணு குடுப்பாங்கடி.”

ஒலக்கூர் வட்டாரத்தின் மக்கள்தொகையில் உலகச் சாதனையாளர்களின் விழுக்காட்டை எந்த நாடும் எட்டியிராது என்று தோன்றுகிறது.

நாற்பது வயது மதிக்கத்தக்க அஞ்சலை, முழங்கைவரை மண்ணோடு வந்தார். காலையிலிருந்து கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தாராம். பிள்ளைகள் அவரை ‘மாஸ்டர்’ என்றே விளிக்கிறார்கள். எங்களை வரவேற்ற முறை சுருக்கமானது. நிறைமதியின் கையில் இருந்த பிரம்பை வாங்கி வளைத்துப் பார்த்தார், “மலேசியாப் பெரம்பா? தங்கம்” என்றார், திருப்பிக் கொடுத்தார், இரண்டே வீச்சில் அதைத் தட்டிவிட்டார்.

“மணிக்கட்டு இன்னும் தூங்கிக்கினுதான் இருக்குது. எழுப்பு.”

என் மகளின் முகத்தில் நான் பல ஆண்டுகளாகக் காணாத மகிழ்ச்சி தெரிந்தது. அவித்த மல்லாட்டை ஒரு முறம் வந்தது. உப்பும் மண்ணும் அளவாகக் கலந்திருந்தன. எங்கள் ஊரில் இதையே சிறு பொட்டலத்தில் அடைத்து, உடல்நலத்துக்கு உகந்தது என்று எழுதி விற்பார்கள்.

அப்போதுதான் அஞ்சலையின் கணவர் ஏழுமலை அறிமுகமானார். திண்டிவனத்தில் பதாகை அச்சிடும் கடை வைத்திருக்கிறார். இப்பகுதியில் மனித வாழ்க்கை அவருடைய இயந்திரத்தின் வழியாகத்தான் நடைபெறுகிறது. பிறந்தால் பதாகை, காது குத்தினால் பதாகை, பூப்பெய்தினால், மணந்தால், மறைந்தால் பதாகை. பேசும்போது, எதிரில் இருப்பவரை எத்தனை அடிக்கு எத்தனை அடியில் அடிக்கலாம் என்று கண்ணாலேயே அளப்பார்.

மூன்றாம் நாள் அஞ்சலையும் நானும் விழுப்புரம் போனோம். அலுவலக வாயில்களுக்கு எதிரே, புங்க மரத்தடியில், தட்டச்சுப் பொறியோடு ஒருவர் அமர்ந்திருந்தார். விண்ணப்பம் எழுதுவதோடு அறிவுரையும் தருகிறவர். ஒரு களத்தைப் பள்ளியாக ஏற்கச் செய்வது எப்படி என்று வினவினேன்.

“பில்டிங் இருக்குதா?”

“இல்லை. திறந்தவெளி.”

“பில்டிங்குக்கு ஸ்டெபிளிட்டி சர்டிபிகேட் வேணுமே. தீயணைப்புல ஒண்ணு வாங்கணும். கழிப்பறைக்கு ஒண்ணு.”

“கட்டடமே இல்லையென்றால் அது எப்படி இடிந்து விழும்?”

“அத்த நீங்க எழுதிக் குடுக்க முடியாதுங்க. இன்ஜினீயரு எழுதிக் குடுக்கணும். அவரு பில்டிங்க பாக்காம எழுத மாட்டாரு.”

அஞ்சலை குறுக்கிட்டார். “ஏங்க, மல்லாட்ட கொட்டி வெக்கிற எடம்ங்க அது. தீப்புடிச்சா நாங்களே சாணித் தண்ணி ஊத்திக்குவோம்.”

“ஊத்துங்கம்மா, யாரு வேணான்றது? ஸ்கூல்னு சொல்லாம ஊத்துங்க.”

ஆக, ஓராண்டு என்பது அந்த மரத்தடியிலேயே முடிந்துவிட்டது. திரும்பும் வழியில் அஞ்சலை சாளரத்துக்கு வெளியே பார்த்தபடி வந்தார். இத்தனை ஆண்டுகளாகப் பள்ளி என்று எண்ணி நடத்திய ஒன்று பள்ளி அன்று என்று ஒருவர் தட்டச்சுப் பொறியைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டால், யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஏழுமலை மனம் தளரவில்லை. துயரத்துக்கு அவரிடம் ஒரே மருந்துதான் உண்டு. அன்று பிற்பகலே கடைக்கு அழைத்துப் போய்க் கணினித் திரையைக் காட்டினார். பன்னிரண்டடி அகலத்தில் என் மகள், கோல் ஏந்தி, பாயும் புலியின் அருகில் நின்றாள். மேலே எங்கள் நாட்டின் இரட்டைக் கோபுரம். ஓரத்தில் கறுப்புக் கண்ணாடி அணிந்த ஏழுமலை. நடுவில் வாசகம்: ‘மலேசியாலேர்ந்து நம்ம அஞ்சலை மாஸ்டர்கிட்ட சிலம்பம் கத்துக்க வந்துருக்கும் அன்பு தங்கச்சி நிறைமதியை வருக வருக என வரவேற்கிறோம்’.

புலியைப் பொறுத்துக்கொண்டேன். ‘கத்துக்க’ என்பதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

“இதைப் பொது இடத்தில் வைக்கப் போகிறீர்களா?”

“நாளைக்கி அமாவாசைங்க. ராவெல்லாம் ஜனம் மேல்மலையனூரு கோயிலுக்குப் போய்க்கினே இருக்கும். இன்னிக்கி பொழுதோட கட்டிட்டா அத்தினி பேரும் பாப்பாங்க. நீங்க வாத்தியாரு, நல்லா ஒரு வாசகம் போட்டுக் குடுங்களேன்.”

கேட்டாரே! எழுத்துப்பணிக்கு என்னை இவ்வளவு ஆர்வத்தோடு ஈப்போவில் எவரும் அழைத்ததில்லை. பதாகையின் நிழற்படம் ஒன்றை ஈப்போக் கல்லூரிக்கு அனுப்பினால் அவர்கள் மனம் இளகக்கூடும் என்று ஓர் எண்ணமும் இருந்தது. அரை மணி நேரம் எழுதினேன், அடித்தேன், எழுதினேன். முடிவில் அமைந்த வாசகம் இது: ‘மலேசிய மாணவி நிறைமதி பயிலும் ஓராண்டுப் பன்னாட்டுச் சிலம்பப் பட்டயப் படிப்பின் தொடக்க விழா’. ஓர் ஒற்று மிகவும் இல்லை, குறையவும் இல்லை.

“சூப்பர் சார். காலேஜ் மாதிரி இருக்குது!” என்றார் ஏழுமலை.

மாலையில் பதாகை கட்டப்பட்டது. இரவு உணவுக்கு முன்பே ஒருவர் விடுதிக்கு வந்துவிட்டார். சீருடை இல்லை, மழமழவென்று மழித்த முகம், கையில் கைப்பேசி. காவல் துறையின் தனிப்பிரிவு ஏட்டு என்று அறிமுகம் செய்துகொண்டார். அஞ்சலையும் ஏழுமலையும் அவர் பின்னாலேயே வந்து நின்றார்கள்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். எங்க வேலையே பேனர் படிக்கிறதுதான்.”

எழுத்தை மதிக்கும் மனிதரை இவ்வூரில் ஒருவழியாகக் கண்டுவிட்டேன் என்று ஒரு நொடி மகிழ்ந்தேன்.

“பாப்பா வந்திருக்கிறது டூரிஸ்ட் விசா. சரிங்களா? பேனர்ல மாணவின்னு போட்டிருக்குது. ஓராண்டுன்னு போட்டிருக்குது. பட்டயப் படிப்புன்னு போட்டிருக்குது.” ஒவ்வொரு சொல்லையும் கைப்பேசித் திரையில் விரலால் பெரிதாக்கிக் காட்டினார். “டூரிஸ்ட்டா வந்துட்டு கோர்ஸ் படிக்கக் கூடாது சார்.”

“அது படிப்பே அன்று, ஐயா. வெறும் களம்.”

“நீங்க சொல்றீங்க. பேனரு வேற சொல்லுதே?” தேநீரை ஊதிக் குடித்தார். “நாளைக்கி விழுப்புரம் ஆபீசுக்கு வந்து மேடத்துகிட்ட வெளக்கம் குடுத்துடுங்க. பேனரயும் எடுத்துக்கினு வாங்க. கோர்ஸுன்னு முடிவாச்சின்னா பாப்பாவ ஊருக்கு அனுப்பிடுவாங்க. மறுபடி விசா கேட்டா சந்தேகம்தான்.”

அவர் போனபின் நிறைமதி கட்டிலில் அமர்ந்து, வீங்கிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். “இன்னைக்கு நாலாவது அடிய தடுத்தேன்பா. முதல் தடவ” என்றாள். ‘கத்துக்க’ என்று இருந்திருந்தால் ஏட்டு படித்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அமாவாசையன்று திண்டிவனத்துப் பேருந்துகளுக்கு ஒரே திசைதான் உண்டு. நிலையத்தில் எந்த வண்டியைக் கேட்டாலும் “மலையனூரு ஸ்பெஷல்” என்றார்கள். விழுப்புரத்துக்கு என்று வந்த ஒன்றிரண்டிலும் படிக்கட்டில்கூட இடமில்லை. எலுமிச்சம்பழ மாலையோடு நின்ற ஓர் அம்மாள் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா விசயமா விழுப்புரம்?” என்றார். அலுவலகம் என்றேன். “ஆபீசாண்ட போயி இன்னா பண்ணுவீங்க? எங்கூட வாங்க, அங்காளம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடலாம்” என்றார். இரண்டில் எது விரைவாக முடியும் என்று உண்மையாகவே ஐயம் எழுந்தது.

கடைசியில் ஏழுமலையின் சிறு சரக்கு வண்டிதான் கைகொடுத்தது. இங்கே அதைக் குட்டியானை என்கிறார்கள். முன்னிருக்கையில் அவரும் அஞ்சலையும். பின்னால் நானும் நிறைமதியும் சான்றுப்பொருளும். சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டிய பதாகையின்மேல் அமர்ந்து, என் வாசகம் ஒவ்வொரு பள்ளத்திலும் முதுகெலும்பில் இடிக்க, விழுப்புரம் சேர்ந்தேன். வாழ்நாளில் ஓர் எழுத்தாளன் தன் எழுத்தோடு இவ்வளவு நெருங்கியிருத்தல் இயலாது.

அதிகாரி ஒரு பெண்மணி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். பதாகையைத் தாழ்வாரத்தில் விரிக்கச் சொன்னார். மற்ற அறைகளிலிருந்தும் வந்து பார்த்தார்கள். புலியை அனைவரும் பாராட்டினார்கள்.

“மாஸ்டர் யாரு?”

“நான்தாங்க மேடம்.”

“நீங்க நடத்துறது ஸ்கூலா?”

வழியெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தேன். ‘இல்லை’ என்னும் ஒரு சொல் போதும்.

“ஸ்கூல்தாங்க மேடம்” என்றார் அஞ்சலை, நிமிர்ந்து.

நிறைமதி கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரி எழுதுகோலை எடுத்தார்.

“டைம்டேபிள் இருக்குதா?”

“மல்லாட்ட காயலன்னா களம் ஃப்ரீ. அப்ப வருவாங்க. காயுதுன்னா லீவு.”

“ஃபீஸ்?”

“அறுப்பு முடிஞ்சி குடுக்கிறவங்க குடுப்பாங்க. இல்லாதவங்க கேப்ப ஒரு படி. அதுவும் இல்லாதவங்க இன்னா குடுப்பாங்க, சும்மா வருவாங்க.”

“எத்தன மாசக் கோர்ஸ்?”

“கோலு கையில நிக்கிற வரிக்கும்.”

“எக்ஸாம்?”

“எங்கூட ஆடணும். அடி வாங்குனா ஃபெயிலு.”

“இதுவரைக்கும் எத்தன பேர் பாஸ்?”

அஞ்சலை சற்று யோசித்தார். “யாரும் இல்லீங்க.”

தாழ்வாரத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு அஞ்சலையை நன்றாக ஒருமுறை பார்த்தார். இதைவிட முறைசாராத ஒரு பயிற்சியை விதி எழுதியவர்களும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். “சரி. இது கோர்ஸ் இல்ல. டூரிஸ்ட் விசாவுல கத்துக்கலாம். ஒரு தடவைக்கு மூணு மாசம் இருக்க அனுமதி இருக்கு, அதுவரைக்கும் இருக்கட்டும். ஆனா நீங்க எழுதிக் குடுக்கணும். இது முறையான பயிற்சி இல்ல, சர்டிபிகேட் எதுவும் குடுக்க மாட்டேன்னு.”

எழுதும் பொறுப்பு இயல்பாகவே என்னிடம் வந்தது. ஒரு பக்கத்தில் முடித்தேன். அதிகாரி படித்தார்.

“தமிழ் வாத்தியாரா சார்?”

“ஆம், அம்மா.”

“தெரியுது. அந்தப் பேனரும் நீங்கதான?”

மறுக்க முடியுமா? நடை காட்டிக்கொடுக்கிறதே.

“இங்க இருக்கிற வரைக்கும் யாருக்கும் எதுவும் எழுதிக் குடுக்காதீங்க சார்.”

திறனாய்வுகள் பல பெற்றிருக்கிறேன். அரசு முத்திரையோடு வந்தது இதுவே.

தாள் அஞ்சலையிடம் போனது. உதடு அசையப் படித்தார். பேனாவைத் தாளின்மேல் வைத்தார், கையெழுத்திடவில்லை.

“சர்டிபிகேட் குடுக்க மாட்டேன்னு போட்டுடறேன் சார். ஆனா ‘முறையான பயிற்சி அன்று’ன்னு எழுதியிருக்கீங்களே. பதினாலு வயசுல கோலு எடுத்தவ நான். ஒரு சுவடு மாத்தி வெச்சா அன்னிக்கிச் சோறு கெடையாது எனக்கு. முறை இல்லாமதான் கத்துக் குடுக்கிறன்னு எங்கையால எப்பிடிப் போடறது?”

“அது விசாவுக்கு மட்டும்தாம்மா” என்றார் அதிகாரி.

“எதுக்குன்னாலும் எங்கையெழுத்துதான மேடம்?”

ஏழுமலை மனைவியின் காதில் ஏதோ சொன்னார். “நீ கம்முனு இரு. உம் புலிதான் இத்தினிக்கும் காரணம்” என்றார் அஞ்சலை. புலி குற்றமற்றது என்பதை அவையில் என்னைவிட நன்கு அறிந்தவர் இல்லை.

நிறைமதி அப்போது கைப்பேசியை எடுத்து என்னிடம் நீட்டினாள். ஈப்போக் கல்லூரிக்கு அவள் எழுதிய மடல். இரவே எழுதி வைத்திருக்கிறாள், இன்னும் அனுப்பவில்லை. சான்றிதழ் கிடைக்காது, ஆகையால் விடுப்புக் கேட்கவில்லை, வரும் பருவத்திலிருந்து விலகுகிறேன் என்று இருந்தது. ஒரு பருவம் போனால், அவளோடு சேர்ந்தவர்களோடு அவள் பட்டம் பெற முடியாது. உதவித்தொகையும் ஐயத்துக்கு உரியது.

“மூன்று மாதத்துக்காகவா?” என்றேன்.

“மூணு மாசம்னா மூணு மாசம்பா. சட்டிபிக்கேட் எனக்கு வேணாம்-லா.” கைப்பேசியைத் திரும்ப வாங்கி, விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். மடல் போய்விட்டது.

அஞ்சலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏண்டி, சர்டிபிகேட்டும் கெடையாது, வேலையும் கெடையாது, இருக்கிற படிப்பும் போச்சி. அப்பறம் இன்னாத்துக்குக் கத்துக்கப் போற?”

“ஒரே ஒரு நாளாச்சும் உங்க முன்னால கோல கீழ போடாம நிக்கணும், மாஸ்டர்.”

அஞ்சலை சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார். “மேடம், அறுவது புள்ளைங்க எங்கிட்ட வருது. மொத நாளே அதுங்க அப்பா அம்மா கேக்கிறது, சர்டிபிகேட் எப்பன்னுதான். எனுக்குச் சலிச்சிப்போச்சி. கேக்காத ஒண்ணு கடல் தாண்டி வந்திருக்குது. இதுக்காவ முறையில்லாதவன்னு எழுதுனாலும் போடறேன், குடுங்க.” தாளைக் கிழிக்கும் அழுத்தத்தில் கையெழுத்திட்டார். முதல் எழுத்து அடுத்த தாளிலும் பதிந்தது.

சான்றிதழுக்காக அல்லாமல் கற்பதற்காக மட்டுமே கற்கும் ஒருவரை உருவாக்க எங்கள் நாட்டின் கல்வியமைச்சும் முயன்று தோற்றிருக்கிறது. இந்தியா அதை ஒரு சுற்றுலா விதியின் துணைப்பிரிவில் முடித்துவிட்டது. ஆனால் அயல்நாட்டாருக்கு மட்டும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பேறு இல்லை.

விழுப்புரத்தில் பிரியாணி உண்டோம். அஞ்சலை இரண்டு முட்டைகளை நிறைமதியின் தட்டில் போட்டுவிட்டு, “தின்னு. நாளையிலேர்ந்து கோர்ஸ் இல்ல, அடிதான்” என்றார். நிறைமதி இனி அவர்கள் வீட்டிலேயே தங்குவாள் என்றும், அதற்கான அரசுப் பதிவை ஏழுமலை செய்வார் என்றும் முடிவாயிற்று. அவர் படிவத்தில் புலி எதையும் சேர்க்காமல் இருக்க வேண்டுமே என்பது என் கவலை.

நான் புறப்பட்ட அன்று விடியலில் எதிர்பாராத மழை. விடைபெறப் போனபோது களம் அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கோல்களை எறிந்துவிட்டு மல்லாட்டையைக் குவித்தார்கள். ஏழுமலை பதாகையைக் கொண்டுவந்து குவியலின்மேல் விரித்தார், ஏட்டை நினைந்து, எழுத்துப் பக்கம் கீழாக. நான்கு மூலையிலும் கல் வைத்தோம். மழை விட்டதும் அஞ்சலை ஒரு மூலையைத் தூக்கி உள்ளே கைவிட்டுப் பார்த்தார்.

“ஒரு சொட்டு எறங்கல. உங்க எழுத்து நின்னுடுச்சி சார்.”

பின்னால் கோலும் கோலும் மோதும் ஓசை கேட்டது. திரும்பினேன். அஞ்சலையின் மாணவன் ஒருவனோடு நிறைமதி ஈரக் களத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். “அது இன்னா வீச்சு, கோலம் போடறியாடா?” என்று சொல்லியபடி அஞ்சலை அவனை விலக்கிவிட்டுத் தாம் கோல் எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கை அவள் தடுத்தாள். ஐந்தாவதில் பிரம்பு பறந்து, பதாகையின்மேல் விழுந்து உருண்டது.

நிறைமதி அதை எடுக்க ஓடினாள். என் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்பதையோ, நான் அங்கே நிற்பதையோ அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.